முருகன் பேருக்குப் பத்து

காலை ஒன்பதரைக்குக் கோவையிலிருந்து ஆஷா அழைத்தபோது, சத்யப்பிரியா ஒரு நிட்டிங் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கேமராவின் வயரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்யா, நீங்க அனுப்பின கேப் டேபிள்ல ஒரு பேர் ஒத்துப்போகல."

யார் யாருக்கு எத்தனை பங்கு என்ற பட்டியலைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். போன வாரம் ஆஷாவின் முதலீட்டு நிறுவனம் 'சரி, பார்க்கலாம்' என்று தலையசைத்த நாளிலிருந்து ஆஷா கேட்டதையெல்லாம் சத்யப்பிரியா அனுப்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் சுலபமானது இந்தப் பட்டியல்தான் என்று நினைத்திருந்தாள். இரண்டே பெயர்.

"உங்க பட்டியல்ல நூத்துக்குத் தொண்ணூறு உங்களுக்கு, பத்து உங்க அப்பா வேலுமணிக்கு. அரசாங்கப் பதிவுல அந்தப் பத்து முருகவேல்ங்கிற பேர்ல இருக்கு. யார் அவர்?"

மெஷினுக்கு அடியிலிருந்து வெளியே வர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அண்ணனுங்க."

"தனி ஆளா நடத்துறதாச் சொன்னீங்களே."

"தனி ஆள்தாங்க."

மறுமுனையில் ஆஷா எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. 

"நாளைக்குக் காலையில கமிட்டி. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள ரெண்டுல ஒண்ணு வேணும். அந்தப் பத்தை அவர் உங்க அப்பாவுக்கு மாத்திக் கொடுத்த பத்திரம். இல்லன்னா, அது தன்னோடதுதான், வேற யாருக்கும் அதுல உரிமை இல்லன்னு அவர் கையெழுத்துப் போட்ட கடிதம். முதல்ல சொன்னதுதான் நல்லது. திடீர்னு முளைச்ச ஒரு பத்து சதவீதக்காரரைப் பார்த்தா கமிட்டி தயங்கும். இவ்வளவு நாள் இது தெரியாமயா இருந்தீங்கன்னு கேப்பாங்க."

அதைத்தான் சத்யப்பிரியாவும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசி உடைந்தால் துணியில் நூலிழை அகலத்துக்கு ஒரு கோடு விழும். நூறு மீட்டர் ஓடிய பிறகுதான் மனிதக் கண்ணுக்குத் தெரியும். அவளுடைய கேமரா முதல் அங்குலத்திலேயே பார்த்து மெஷினை நிறுத்திவிடும். 'ஊசிக்கண்' என்று பெயர் வைத்து நான்கு வருடமாக அதைக் கட்டி எழுப்பியவளுக்கு, தன் கம்பெனியிலேயே விழுந்திருந்த கோடு தெரியவில்லை.

இந்தப் பணம் வந்தால் நாற்பது மெஷின் நானூறாகும். வராவிட்டால் இரண்டு மாதத்தில் தன்னிடம் வேலை பார்க்கும் ஆறு பேரையும் அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

*

ஆடிட்டர் ஊரில் இல்லை. இருபத்துமூன்று வருடமாக அந்த அலுவலகத்தை நடத்துவது எப்படியும் குமாஸ்தா லிங்கசாமிதான். ஆடிட்டர் கையெழுத்துப் போட மட்டும் வருகிறவர்.

"என்னங்கண்ணா இது?" பதிவின் நகலை மேசையில் வைத்தாள்.

லிங்கசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "சரியாத்தான இருக்குதுங்க."

"அண்ணன் பேரு எப்படி வந்துச்சு?"

"அய்யா சொன்னாருங்க அம்மிணி. கம்பெனி பதியறதுக்கு ரெண்டு பேரு வேணும்னேன். 'ஒண்ணு அம்மிணி பேரு. இன்னொண்ணுக்கு என்ற பேரு வேண்டாம், முருகன் பேருக்குப் பத்து போட்டுரு'ன்னாரு. போட்டுட்டனுங்க."

"எந்த முருகன்னு கேட்டீங்களா?"

"உங்க ஊட்டுல எத்தனை முருகனுங்க?"

சிரிக்க வேண்டிய இடம்தான். அவளால் முடியவில்லை.

அவர்கள் வீட்டில் தறி ஓடிய காலத்திலிருந்தே, எந்தத் தொழில் தொடங்கினாலும் சிவன்மலை முருகனுக்கு ஒரு பங்கு உண்டு. எழுத்தில் இருக்காது. லாபம் வந்தால் சாமி பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. அப்பா சொன்னது அந்த முருகனை. சாமி பங்கு என்றால் காகிதத்தில் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று சத்யப்பிரியாவும் கேட்காமலே நினைத்துக்கொண்டாள். ஆனால் பிறந்ததிலிருந்து அண்ணன் முருகவேலும் அந்த வீட்டில் முருகன்தான்.

"அண்ணன் கையெழுத்தே இல்லாம எப்படிங்க பதிஞ்சீங்க?"

லிங்கசாமி மேசை டிராயரை இழுத்தார். கையெழுத்துக்கான டிஜிட்டல் சாவிகள், வீட்டுக்கொரு கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பால்பாயிண்ட் பேனாவில் பெயர் எழுதியிருந்தது. ஒரு கட்டை எடுத்து விரித்தார். வேலுமணி. செல்லாத்தாள். சத்யா. முருகன்.

"எல்லார்த்து சாவியும் இங்கதானுங்க கெடக்குது. யாரு வந்து வாங்கிட்டுப் போறீங்க?"

அவரைத் திட்டுவதற்காகவே வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். தன் பெயர் எழுதிய சாவியைப் பார்த்ததும் அவை எங்கோ போய்விட்டன. வருடா வருடம் அவள் கையெழுத்தும் இந்த டிராயரிலிருந்துதான் போயிருக்கிறது. 'பார்த்துப் போட்டுருங்கண்ணா' என்று ஃபோனில் சொன்னவள் அவள்தான்.

"ஒரு மாத்துப் பத்திரம் அடிச்சுத் தாறனுங்க. அய்யா ஒரு கையெழுத்து, முருகன் தம்பி ஒரு கையெழுத்து. அஞ்சு நிமிச வேலை."

"அவங்க ரெண்டு பேரும் பேசி நாலு வருசமாச்சுங்கண்ணா."

"தெரியுங்களே. இந்த டேபிள்லதான முடிஞ்சுது. அய்யா மனசு எறங்கிட்டாருன்னு நெனச்சுத்தான் தம்பி பேரைப் போட்டனுங்க."

அப்பாவிடம் சொல்லாமல் அண்ணன் நான்கு பழைய மெஷின்களை விற்றுவிட்டான். இந்த மேசையில் வைத்துத்தான் பிரிவினைப் பத்திரம் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டு முடித்ததும், 'இனிமே இவனுக்கு என்றகிட்ட ஒரு ஊசி கூடக் கெடையாது' என்றார் அப்பா. அது ஒரு திங்கட்கிழமை. 'ஊசிக்கண்' பதிவானது அதே வாரம் வியாழக்கிழமை.

"பங்கு அண்ணனோடதுதான்னு ஒரு கடிதத்தையும் அடிச்சுருங்க," என்றாள். "எதுக்கும் இருக்கட்டும்."

*

ராயபுரம் வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா செல்லாத்தாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மிணி, இன்னேரத்துக்கு?"

சொன்னாள். பாதியிலேயே அப்பாவின் கை இலையில் நின்றுவிட்டது.

"முருகன்னா எவனாவது அவனை நெனப்பானா?"

"லிங்கசாமியண்ணன் நெனச்சுட்டாருங்கப்பா."

"கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறி, 'உன்ற பங்கு பத்திரமா இருக்குது சாமி'ன்னு சொல்லிப்போட்டு வந்தனே! நாலு வருசமா அத்தனையும் பொய்யா?"

"சாமி பேர்ல பதிய முடியாதுங்கப்பா. அதுக்குப் பேன் கார்டு வேணும், ஆதார் வேணும்."

"முருகனுக்கு ஆதார் கேக்கறானுங்களா?"

"ஏனுங்க," என்றாள் அம்மா, "அப்படியே எழுதினாலும் ஓடிபி வந்தா சாமி எறங்கி வந்து சொல்லுமா?"

"நீ சும்மா இரு செல்லா."

அம்மா சும்மா இருந்தாள். அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் சோற்றுக்குள் இறங்கி, இலையின் ஓரத்துக்கு ஓடி வந்தது. இந்த வீட்டில் கோபம் எப்போதும் இப்படித்தான். யாரும் எதுவும் உடைப்பதில்லை. பேச்சு நின்றுபோகும். சில நாள் அது சாயங்காலத்துக்குள் தீரும். ஒரு தடவை நான்கு வருடம் ஆகியும் தீரவில்லை.

"உங்க பேருக்கு மாத்திக்கலாங்க," என்றாள் சத்யப்பிரியா. "நீங்க அதைச் சாமிதுன்னு வெச்சுக்கங்க. அண்ணன் கையெழுத்துப் போடோணும். நீங்க ஒரு ஃபோன் பண்ணி..."

"மாட்டேன்."

"எனக்கு ஆறு மணி வரைக்குந்தானுங்கப்பா நேரம்."

"நீயே போ. போய், இது தப்பா உழுந்த பேரு, சாமிக்கு வெச்சது, உனக்கில்லைன்னு சொல்லு. அவன் ரோசக்காரன். அடுத்த நிமிசமே போட்டு உன்ற மூஞ்சியில வீசிருவான்."

மகனை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார். நான்கு வருடம் பார்க்காமலே.

கை கழுவிவிட்டு வந்து பத்திரத்தில் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஈரக் கை பட்டுக் காகிதத்தின் ஓரம் சுருங்கியது.

அம்மா வாசல் வரை வந்தாள். "அப்பா சொன்ன மாதரயே சொல்லிப்போடாத கண்ணு. கொஞ்சம் பதமாச் சொல்லு."

"எப்படிங்கம்மா பதமாச் சொல்றது?"



*

நெருப்பெரிச்சலில் அண்ணனின் யூனிட் தகரக் கூரை போட்டது. ஆறு மெஷின், அத்தனையும் பிறருக்குக் கூலிக்கு ஓட்டும் ஜாப் ஒர்க். உள்ளே நுழைந்தால் பஞ்சுத் தூசி மூக்கை அடைக்கும், மெஷின் சத்தம் காதை அடைக்கும்.

"அடடா, முதலாளியம்மா!" முருகவேலின் தலைமுடியில் வெள்ளையாகப் பஞ்சு. "கோயமுத்தூர்க்காரங்க குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்கண்ணா."

"குடுத்ததும் இங்கயும் ஒரு கேமரா மாட்டிப்போடு. ஊரெல்லாம் மாட்டற. அண்ணன் மெஷின் மட்டும் குருடாவே சுத்துது." சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டான். "டீ சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றாள். நின்றுகொண்டே பையைத் திறந்தாள். எப்படித் தொடங்குவது என்று வழியில் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தாள். கையில் முதலில் அகப்பட்டது பதிவின் நகல். அதைக் கொடுத்துவிட்டாள். பத்திரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அவன் படித்தான். மறுபடி படித்தான்.

"இது நானா?"

"ஆமாங்கண்ணா."

"பத்தா? உன்ற கம்பெனியிலயா?"

"ஆமாங்க."

தேதியில் அவன் விரல் நின்றது. உதடு அசைந்தது, கிழமையை எண்ணுகிறான்.

"திங்கக்கெழமை லிங்கசாமி டேபிள்ல வெச்சு, ஒரு ஊசி கூடக் கெடையாதுன்னாரு. இது வியாழக்கெழமை."



அவன் போய்ப் பக்கத்து மெஷினை நிறுத்தினான். அதற்கடுத்ததையும் நிறுத்தினான். வடக்கத்திப் பையன் ஓடி வந்து, "க்யா ஹுவா, சேட்?" என்று மெஷின் நின்ற காரணம் கேட்டான். "குச் நஹி, தோ மினிட்," என்று இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு முருகவேல் திரும்பினான்.

"அப்பாவா எழுதச் சொன்னாரு?"

பதில் அவளிடம் தயாராக இருந்தது. அதில் இரண்டு பாதி. அப்பாதான் எழுதச் சொன்னார் என்பது ஒன்று. உங்களுக்கில்லை என்பது மற்றொன்று. சேர்த்துச் சொன்னால் அடுத்த நிமிடம் கையெழுத்துக் கிடைக்கும். ஆறு மணிக்கு முன்பே பத்திரம் கோவைக்குப் போகும். நாளைக்குக் கமிட்டியில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

"அப்பாதாங்க எழுதச் சொன்னாரு," என்றாள்.

மற்ற பாதி நாக்கில் இருந்தது. அது வெளியே வரும் என்று அவளே காத்திருந்தாள்.

"என்ன பேரு சொன்னாராம்?"

"முருகன்னு."

"அப்ப என்னை இன்னும் அப்படியேதான் சொல்றாரு," என்றான் அவன்.

அவன் முகத்தைப் பார்க்காமல் நிறுத்திய மெஷினைப் பார்த்தாள். பாதி வட்டத்தில் நின்றிருந்த நூல்கள் லேசாக ஆடின. ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னாள். ஒவ்வொரு உண்மையும் அவளை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு போனது.

"நாலு வருசமா ஊரெல்லாம் அந்தாளைப் பேசிட்டுத் திரிஞ்சேன்," என்றான் முருகவேல். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்ல மாட்டாரு. சொன்னா கொறஞ்சு போயிருவாரு." துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்ததில் பஞ்சு கண்ணிமையில் ஒட்டிக்கொண்டது. "இப்ப நான் என்ன பண்ணோணும்?"

பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. அப்பா கையெழுத்துப் போட்டது விரலில் பட்டது. ஓரம் சுருங்கியிருந்ததால் பார்க்காமலே தெரிந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கடிதத்தை எடுத்தாள்.

"இது உங்க பங்குதான், வேற யாருக்கும் உரிமை இல்லைன்னு ஒரு கையெழுத்துங்கண்ணா."

நிதானமாகப் படித்துவிட்டுப் போட்டான். பள்ளிக்கூடத்தில் போடுவது போல முழுப் பெயரையும் எழுதினான். "இனி அந்தக் கோயமுத்தூர்க்காரங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேன். என்னால உனக்கு ஒரு தொந்தரவும் வராது."

அந்தக் கையெழுத்தே எவ்வளவு பெரிய தொந்தரவு என்று அவனுக்குத் தெரியாது.

*

திரும்பும் வழியில், ரயில்வே மேம்பாலத்தில், நூல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றாள். ஹாரன் அடித்தாள். எதற்கென்றே தெரியாமல் மறுபடியும் அடித்தாள். பக்கத்து ஸ்கூட்டர்காரர், "ஏனுங்க, லாரி மேல ஏறியா போகச் சொல்றீங்க?" என்றார்.

லிங்கசாமி மேல் கோபம். அப்பா மேல் கோபம். எதையும் வாய்விட்டுச் சொல்லாத அந்த வீட்டின் மேல் கோபம். அந்த வீட்டுப் பிள்ளையாகவே தானும் நடந்துகொண்டதில் எல்லாவற்றையும் விடப் பெரிய கோபம். ஒரு வாக்கியம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அலுவலகத்தில் உட்கார்ந்தபோது மணி ஐந்தே முக்கால்.

பட்டியலைத் திருத்தினாள். சத்யப்பிரியா, தொண்ணூறு. முருகவேல், பத்து. பங்கு வந்த விதம் என்ற கட்டத்தில் சற்று நின்றுவிட்டு, 'கம்பெனி தொடங்கும்போதே' என்று எழுதினாள். உண்மை. இன்றைக்குச் சொன்ன மற்றவற்றைப் போலவே உண்மை.

கடைசி வரி உறுதிமொழி: எழுத்திலோ வாய்மொழியிலோ வேறு எவருக்கும் பங்கு வாக்களிக்கப்படவில்லை.

வாய்மொழியில் ஒருவருக்கு வாக்களித்திருந்தது. அவர் சிவன்மலையில் இருக்கிறார். கமிட்டி அவரைத் தேடிப் போய்க் கேட்கப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அப்படிப் போட்டுப் போட்டுத்தான் இவ்வளவும் வந்தது.

அந்த வரியின் கீழே எழுதினாள்: 'விதிவிலக்கு ஒன்று. குடும்ப வழக்கப்படி நூற்றில் பத்துப் பங்கின் லாபம் கோயிலுக்கு. அது என் தொண்ணூறிலிருந்து மட்டும். வேறு யாருடைய பங்கிலிருந்தும் அல்ல.'

அண்ணனிடமிருந்து எடுக்க முடியாததைத் தன்னிடமிருந்து எடுத்துவிட்டாள். அனுப்பினாள். ஐந்து ஐம்பத்தாறு.

இரண்டாவது நிமிடம் ஆஷா அழைத்தாள். "என்ன சத்யா, கோயில்?"

"வாய்மொழியிலோன்னு கேட்டிருந்தீங்க."

"அது... யாரும் இதையெல்லாம் எழுத மாட்டாங்க. மாத்துப் பத்திரம் என்னாச்சு?"

"கெடைக்கலீங்க."

"கிடைக்கலையா, கேக்கலையா?"

சத்யப்பிரியா பையிலிருந்த பத்திரத்தின் சுருங்கிய ஓரத்தை நீவினாள்.

"கமிட்டியில இதை நான் எப்படிப் படிக்கிறது?"

"எழுதினபடியே படிங்க."

"படிக்கிறேன்," என்றாள் ஆஷா. "மத்தது என் கையில இல்ல." ஃபோனை வைத்துவிட்டாள்.

கையிலிருந்து இறங்குவதற்குள் ஃபோன் மறுபடி அடித்தது. அப்பா.

"அம்மிணி." குரலைத் தாழ்த்திப் பேசினார். "அவன் வந்திருக்கான்."

அவள் எழுந்து நின்றாள்.

"வாசல்ல நிக்கறான். கூடையில பழம் வேற. 'நீங்க குடுத்ததுக்கு'ங்கறான். நான் அவனுக்கு என்னத்தைக் குடுத்தேன்?"

"உள்ள கூப்புட்டீங்களா?"

"நீ என்ன சொல்லிப்போட்டு வந்த அவன்கிட்ட?"

"நீங்க முருகன் பேருக்கு எழுதச் சொன்னீங்கன்னு சொன்னேங்கப்பா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

 அப்பா ஃபோனை வைக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது. எங்கேயோ அம்மா எதையோ சொன்னாள். நாற்காலி நகர்ந்தது. ஃபோன் கையில் இருப்பதையே மறந்துவிட்டவர் போல அவர் நடக்கத் தொடங்கினார். செருப்பில்லாத கால் தரையில் பதியும் சத்தம் ஏழெட்டு அடி வரை கேட்டு, நின்றது.

"முருகா..."

தாங்க முடியாத அலுப்பு வரும்போது அப்பா சாமியை அப்படித்தான் கூப்பிடுவார்.

"சொல்லுங்கப்பா," என்றது அண்ணனின் குரல்.